டாரட்டில் ஐந்து: கெட்ட எண் என்று யார் முடிவு செய்தது?

டாரட் என்கிற படச் சீட்டுக்கட்டை வைத்துப் பலன் பார்ப்பவர்கள் மத்தியில் ஐந்து என்கிற எண்ணுக்கு நல்ல பெயரே கிடையாது. மரணம் என்று பெயர் எழுதியிருக்கும் 13ஆம் கார்டு வந்தால்கூட, "பயப்படாதீங்க, இது நிஜச் சாவு இல்ல, ஒரு மாற்றம்தான்" என்று சமாதானம் சொல்ல எல்லோரும் தயாராக இருப்பார்கள். ஐந்துக்காகப் பரிந்து பேச யாரும் வருவதில்லை. ஃபைவ் ஆஃப் கப்ஸ் (கோப்பை ஐந்து) என்றால் இழப்பு, ஃபைவ் ஆஃப் பென்டகிள்ஸ் (நாணய ஐந்து) என்றால் வறுமை, ஃபைவ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் (வாள் ஐந்து) என்றால் தோல்வி, ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸ் (கோல் ஐந்து) என்றால் சண்டை. அவ்வளவுதான், அடுத்த கார்டுக்குப் போய்விடுவார்கள். யூடியூபில் ராசி வாரியாகப் பலன் சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், ஐந்து விழுந்ததும் குரலே இறங்கும்.

நம் ஊரில் இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. எண் கணிதத்தைக் கேள்விப்படாத வீடு இங்கே அபூர்வம். 5, 14, 23 தேதிகளில் பிறந்தவர்களுக்கு எண் ஐந்து, கிரகம் புதன், வியாபாரத்துக்கு உகந்தது, எல்லா எண்களோடும் ஒத்துப்போகும் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடைக்குப் பெயர் வைக்கும்போது கூட்டுத்தொகை ஐந்து வருகிற மாதிரி ஆங்கில எழுத்தை ஒன்று கூட்டி ஒன்று குறைப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் டாரட் கார்டை எடுத்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே "என் நம்பரே அஞ்சுதான், அப்புறம் ஏன் இந்தக் கார்டு மட்டும் இப்படி அழுதுட்டு நிக்குது?" என்பதுதான். நியாயமான கேள்வி. பதில் ரொம்பச் சுருக்கம். எண் கணிதத்தில் ஐந்தைப் புதனுக்குக் கொடுத்தார்கள். டாரட்டில் ஐந்தைச் செவ்வாய்க்குக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள், வேறு கணக்கு வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். ஒன்றை எடுத்து மற்றொன்றின் மேல் வைத்தால் பொருந்தாது.

ஆனால் சுருக்கமான பதிலோடு விட எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் ஐந்தின் இந்தக் கெட்ட பெயர் சீட்டோடு கூடப் பிறந்ததே இல்லை. டாரட் சீட்டுக்கு வயது ஐந்நூற்று எண்பதுக்கும் மேல். அதில் பெரும்பகுதி ஐந்து யாரையும் பயமுறுத்தாமல்தான் இருந்திருக்கிறது. நான் எதிர்காலம் சொல்கிறவள் இல்லை, சீட்டு நாளை நடப்பதைச் சொல்லும் என்று நம்புகிறவளும் இல்லை. ஒரு படத்தை நடுவில் வைத்துக்கொண்டு தன் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க டாரட் மாதிரி நல்ல கருவி குறைவு என்று மட்டும் நம்புகிறேன். அந்தக் கருவியை வைத்து ஆட்களைக் கலங்க வைப்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

முதலில் படங்களைப் பார்ப்போம். இன்று உலகம் முழுக்க அதிகம் புழங்கும் ரைடர்-வெயிட்-ஸ்மித் சீட்டுக்கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் வெளியானது. எழுதி வடிவமைத்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட், வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித், பதிப்பித்தது வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம். ஐந்துகளைப் பற்றி இன்று நாம் சொல்கிற எல்லாமே ஏறக்குறைய இந்த நான்கு படங்களிலிருந்து வந்தவை.

கப்ஸ் ஐந்தில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒரு ஆள் தலையைக் குனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து, உள்ளே இருந்தது கொட்டிக் கிடக்கிறது. பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்தபடியே நிற்கின்றன, அவர் பார்வை அங்கே போகவில்லை. இன்னும் தள்ளி ஒரு ஆறு, அதன் மேல் ஒரு பாலம், அக்கரையில் சிறிய கோட்டை மாதிரி ஒரு வீடு. ஸ்வோர்ட்ஸ் ஐந்தில் வானமே கிழிந்த மாதிரி மேகங்கள். ஒருவன் மூன்று வாள்களைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான், இரண்டு வாள் தரையில் கிடக்கிறது, தள்ளி இரண்டு பேர் தோற்றுப்போய் நடந்து போகிறார்கள், ஒருவர் முகத்தைக் கையால் மூடியிருக்கிறார். இந்தக் கார்டு யாருக்கு வந்தாலும் உடனே "நீங்க தோத்துட்டீங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். படத்தில் மூன்று பேர் இருக்கும்போது கேட்க வந்தவர் அந்த மூன்றில் யார் என்று எப்படித் தெரியும்? ஜெயித்துவிட்டு யாரும் கூட நிற்காமல் போனவராகவும் இருக்கலாம் இல்லையா? குடும்பச் சொத்துத் தகராறு பற்றிக் கேட்க வந்த ஒருவருக்கு இந்தக் கார்டு விழுந்தபோது, நான் எதுவும் சொல்வதற்கு முன்னால், வாள்களோடு சிரிக்கும் ஆளைத் தொட்டு "இது நான்தான்" என்றார். கேஸ் அவர் பக்கம்தான் தீர்ப்பாகியிருந்தது.

வாண்ட்ஸ் ஐந்தில் ஐந்து இளைஞர்கள் ஆளுக்கொரு கோலை வீசிக்கொண்டிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் யார் மேலும் அடி விழவில்லை. வெயிட்டே அதை நிஜச் சண்டை என்று எழுதவில்லை, போலிச் சண்டை, பாவனைப் போர் என்றுதான் எழுதுகிறார். அடுத்து, எல்லோரும் பயப்படும் பென்டகிள்ஸ் ஐந்து. பனி கொட்டுகிறது. கிழிந்த உடையில் இரண்டு பேர், ஒருவர் ஊன்றுகோலோடு, கழுத்தில் ஒரு மணி தொங்குகிறது. முன்னால் போகிற பெண் வெறுங்காலோடு நடக்கிறாள். அவர்களுக்கு மேலே ஒரு தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல், உள்ளே விளக்கு எரிகிறது, ஐந்து பென்டகிளும் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கின்றன. படத்தில் கதவு எங்கும் இல்லை. கழுத்தில் மணி கட்டிக்கொண்டு வருவது பழைய ஐரோப்பாவில் தொழுநோயாளிகளோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட அடையாளம். ஊர் ஒதுக்கி வைத்தவர் என்பதைப் பமேலா இந்த ஒரு சின்ன மணியில் சொல்லிவிட்டார். எனக்கு இந்தக் கட்டிலேயே மிகவும் பிடித்த ஓவியம் இதுதான்.

சரி, இந்தப் படங்களுக்கு முன்னால் ஐந்து எப்படி இருந்தது?

டாரட் பிறந்தது 1440களையொட்டி வட இத்தாலியில், விளையாட்டுச் சீட்டாக. மிலான், ஃபெராரா, பொலோன்யா, இந்த ஊர்கள்தான். மொத்தம் 78 சீட்டு, அதில் 22 துருப்பு (மரணம் மாதிரி தனிப் பெயர் உள்ள படச் சீட்டுகள்), மீதி 56ம் நான்கு இனங்களாகப் பிரிந்தவை. அந்த 56ல் எண் சீட்டுகளில் பொதுவாகக் கதை சொல்லும் படம் கிடையாது. ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை வரைந்திருக்கும், நம் ரம்மிச் சீட்டில் ஐந்து ஹார்ட்டின் இருக்கிற மாதிரி. பழைய ஆட்ட விதி ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாளிலும் கோலிலும் பெரிய எண் சின்ன எண்ணை வெல்லும், கோப்பையிலும் நாணயத்திலும் அப்படியே தலைகீழ். அதாவது வாள் ஐந்தை வாள் ஆறு வெட்டும், ஆனால் கோப்பை ஆறைக் கோப்பை ஐந்து வெட்டும். ஒரே எண் இரண்டு இனத்தில் கீழே, இரண்டு இனத்தில் மேலே. பிரான்ஸில் இன்றும் குடும்பம் குடும்பமாக டாரட் ஆடுகிறார்கள், ஜோசியத்துக்கு அல்ல, வெறும் ஆட்டமாக. அதில் ராஜாவுக்கு நாலரைப் புள்ளி, ஐந்துக்கு அரைப் புள்ளி. இரண்டுக்கும் ஒன்பதுக்கும்கூட அதே அரைப் புள்ளிதான், ஐந்துக்கென்று தனியாக ஒரு தண்டனையும் கிடையாது.

படம் இல்லை என்றாலும் மார்செய் வகை என்று சொல்லும் பழைய பிரெஞ்சு டாரட் சீட்டில் ஐந்துக்கு ஓர் அமைப்பு உண்டு. கோப்பையிலும் நாணயத்திலும் நான்கு மூலைக்கு ஒன்றாக நான்கு, நட்டநடுவில் ஐந்தாவது. வாளில் நான்கு வளைந்த வாள்கள் சுற்றி வளைத்து நிற்க, நடுவில் ஒரே ஒரு நேரான வாள். இன்றைக்கு மார்செய் சீட்டில் வாசிப்பவர்கள் பலரும் ஐந்தைக் கஷ்டமாகப் பார்ப்பதில்லை. நான்கு சுவருக்குள் அடங்கியிருந்த இடத்தில் புதிதாக ஒன்று வந்து நடுவில் நின்றிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு குழந்தை பிறந்த வீட்டைப் போல. வீடு கலைந்துதான் போகும், தூக்கம் போகும், ஆனால் அதை யாரும் இழப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

சீட்டை வைத்துப் பலன் சொல்வதை ஒரு தொழிலாக, புத்தகம் போட்டு ஒழுங்குபடுத்தியவர் பாரிஸ்காரர் ழான்-பாப்டிஸ்ட் அலியெத். தன் பெயரைத் திருப்பிப் போட்டு எத்தெய்லா என்று வைத்துக்கொண்டார். 1770ல் அவர் போட்ட முதல் நூல் பிகே என்ற சீட்டாட்டத்துக்கான 32 சீட்டுக் கட்டைப் பற்றியது. அந்தக் கட்டில் இரண்டு முதல் ஆறு வரை சீட்டே கிடையாது, ஆக ஐந்து என்ற பேச்சே எழவில்லை. 1781ல் கூர் த ழெபலான் என்ற அறிஞர் டாரட் எகிப்தின் பழைய ஞானம் என்று ஆதாரமில்லாமல் எழுதிவிட, பாரிஸில் எல்லோருக்கும் டாரட் மேல் ஆர்வம் வந்தது. எத்தெய்லாவும் 1785ல் டாரட்டுக்கென்று எழுத ஆரம்பித்தார். அவர் ஐந்துகளுக்குக் கொடுத்த பலன்களை முதன்முதலாகப் படித்தபோது நான் அசந்துபோனேன். நாணய ஐந்து: காதலன் அல்லது காதலி. கோப்பை ஐந்து: பரம்பரைச் சொத்து. கோல் ஐந்து: பொன். வாள் ஐந்து மட்டும் இழப்பு.

பனியில் வெறுங்காலோடு நடக்கும் அந்தப் பெண் இருக்கும் கார்டுக்கு முன்பு காதல் என்று பலன் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பாரிஸில் யாரோ ஒருவர் கல்யாணக் கவலையோடு போய் உட்கார்ந்து, நாணய ஐந்து விழுந்ததைப் பார்த்துச் சந்தோஷமாக வீடு திரும்பியிருப்பார். இடையில் என்ன நடந்தது?

இடையில் கோல்டன் டான் நடந்தது. 1888ல் லண்டனில் மூன்று ஃப்ரீமேசன்கள் தொடங்கிய ரகசியச் சங்கம் அது. வெஸ்ட்காட், மேதர்ஸ், வுட்மன் மூவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள், டாரட் வேலையைப் பெரும்பாலும் பார்த்தவர் மேதர்ஸ். எல்லா ஞானத்தையும் ஒரே படத்துக்குள் அடக்கிவிட வேண்டும் என்ற வெறி அவர்களுக்கு. அந்தப் படமாக அவர்கள் எடுத்துக்கொண்டது யூத ஞான மரபான கபாலாவின் உயிர் மரம். அதில் பத்து நிலைகள். டாரட்டிலும் ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துவிட்டார்கள். நான்காம் நிலை ஹெசெத், கருணை, வியாழனுக்கு உரியது. ஆறாம் நிலை திஃபெரெத், அழகும் சமநிலையும், சூரியனுக்கு உரியது. நடுவில் மாட்டிக்கொண்ட ஐந்தாம் நிலை கெபுரா. கண்டிப்பு, வலிமை, தீர்ப்பு. கிரகம் செவ்வாய். ஐந்துகளின் தலையெழுத்து அன்றைக்குத்தான் எழுதப்பட்டது.

சங்கத்துக்குள் சுற்றிய கைப்பிரதியில் ஒவ்வோர் எண் சீட்டுக்கும் ஒரு பட்டம் உண்டு. கோல் ஐந்து சச்சரவின் அதிபதி. கோப்பை ஐந்து இன்பத்தில் இழப்பின் அதிபதி. வாள் ஐந்து தோல்வியின் அதிபதி. நாணய ஐந்து பொருள் கஷ்டத்தின் அதிபதி. இன்று நாம் ஒப்பிக்கிற பலன்களுக்குப் பெரும்பாலும் வேர் இவைதான்.

இதில் ஜோதிடமும் கலந்திருக்கிறது, அதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. ராசி வட்டத்தின் 360 பாகையைப் பத்துப் பத்தாகப் பிரித்தால் 36 பகுதிகள், நம் ஜோதிடத்தில் திரேக்காணம் என்கிறோமே, அதே முப்பிரிவு. டாரட்டில் இரண்டு முதல் பத்து வரை ஒன்பது எண்கள், நான்கு இனங்கள், அதுவும் 36. சீட்டுக்கொரு பத்துப் பாகை என்று பங்கிட்டார்கள். இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் சர ராசிகளுக்குப் போயின. ஐந்து, ஆறு, ஏழு ஸ்திர ராசிகளுக்கு. எட்டு, ஒன்பது, பத்து உபய ராசிகளுக்கு. ஆக நான்கு ஐந்துகளும் நான்கு ஸ்திர ராசிகளின் முதல் பத்துப் பாகையில் உட்கார்ந்திருக்கின்றன: நாணய ஐந்து ரிஷபத்தில் புதனோடு, கோல் ஐந்து சிம்மத்தில் சனியோடு, கோப்பை ஐந்து விருச்சிகத்தில் செவ்வாயோடு, வாள் ஐந்து கும்பத்தில் சுக்கிரனோடு. (இது மேற்கத்திய சாயன ராசி. நம் நிராயணக் கணக்குக்கும் அதற்கும் சுமார் 24 பாகை வித்தியாசம், ஆகவே உங்கள் ஜாதகக் கட்டத்தோடு நேராக ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.) அப்புறம், அந்தக் கைப்பிரதி 36 சீட்டுகளையும் வரிசைப்படுத்தத் தொடங்குவது மேஷத்தின் முதல் பாகையிலிருந்து அல்ல, சிம்மத்தின் முதல் பாகையிலிருந்து. அதாவது அவர்கள் கணக்கில் வரிசையின் முதல் சீட்டே கோல் ஐந்துதான்.

ஸ்திர ராசி என்றால் எளிதில் அசையாதது, பிடித்ததை விடாதது. அதன் தலைவாசலில் செவ்வாய்க் குணமுள்ள ஐந்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இதிலிருந்து கிடைக்கிற அர்த்தம், ஐந்து காட்டுவது வெறும் துன்பத்தை அல்ல, அசைய மறுக்கிற ஏதோ ஒன்று அசைக்கப்படுகிறது என்பதைத்தான். நான்கின் படங்களைப் பாருங்கள். ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸில் ஒருவன் காசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலடியிலும் காசை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஃபோர் ஆஃப் கப்ஸில் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், நீட்டுகிற கோப்பையையே ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன் என்கிறான். ஃபோர் ஆஃப் ஸ்வோர்ட்ஸில் வீரன் கல்லறைமேல் படுத்தே கிடக்கிறான். இதெல்லாம் எத்தனை நாளைக்கு ஓடும்? ஐந்து வரத்தான் செய்யும்.

அதே மாதிரி ஆறையும் பார்க்காமல் ஐந்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் பிடிவாதம். பென்டகிள்ஸ் ஆறில் ஒரு வணிகர் ஒரு கையில் தராசு பிடித்து மறு கையால் காசு கொடுக்கிறார். காலடியில் மண்டியிட்டு வாங்குகிறவர்கள் இரண்டு பேர். ஐந்தில் பனியில் நடந்துபோனதும் இரண்டு பேர்தான். அவர்களேதான் இவர்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஐந்தையும் ஆறையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படி நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. வாண்ட்ஸ் ஐந்தில் கோலை வீசியவர்களில் ஒருவன் ஆறில் வெற்றி மாலையோடு குதிரையில் வருகிறான். ஸ்வோர்ட்ஸ் ஆறில் படகு அக்கரைக்குப் போகிறது. கப்ஸ் ஆறில் கோப்பைகளில் பூ வைத்து ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கிறது. ஒன்றிலிருந்து பத்துக்குப் போகிற வழியில் ஐந்து பாதித் தூரம். அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு ஊர் வந்துவிட்டது என்று சொன்னால் எப்படி?

வெயிட்டுக்கும் இது தெரிந்தே இருந்திருக்கிறது. அவர் 1891ல் கோல்டன் டானில் சேர்ந்தவர், கெபுரா கணக்கு அவருக்கு மனப்பாடம். ஆனாலும் சீட்டுக்கு எழுதிய விளக்கத்தில் பாரிஸ் பலன்களை அவர் தூக்கி எறியவில்லை. கப்ஸ் ஐந்துக்கு இழப்பு என்று எழுதிவிட்டு, ஆனால் மிச்சம் இருக்கிறது, மூன்று போனாலும் இரண்டு உண்டு என்கிறார். கையோடு இது பரம்பரைச் சொத்தின் கார்டு, எதிர்பார்த்த அளவுக்கு வராத சொத்து என்கிறார். கொட்டிய மூன்றும் நிற்கிற இரண்டும் சேர்ந்துதான் சொத்து. பென்டகிள்ஸ் ஐந்துக்குப் பொருள் கஷ்டம் என்று எழுதியபின், சீட்டுப் பார்ப்பவர்கள் சிலருக்கு இது காதலின் கார்டு, கணவன், மனைவி, நண்பர் என்று சேர்க்கிறார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. பனியில் போகிறவர்கள் இரண்டு பேர். தனியாகப் போகவில்லை. பழைய காதல் பலன் அந்த இரண்டு பேரில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இது வெயிட் சொல்லிச் செய்ததா, பமேலாவே செய்ததா? துருப்புச் சீட்டுகளில் வெயிட் நிறையத் தலையிட்டார், எண் சீட்டுகளில் பமேலாவுக்கு நிறையச் சுதந்திரம் இருந்தது என்பது பரவலான கருத்து, படங்களைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எண் சீட்டுகளிலும் மனிதர்களை வரைந்த 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டு ஒன்று உண்டு, சோலா புஸ்கா என்று பெயர். அதன் புகைப்படங்கள் 1907ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. பமேலா அவற்றைப் பார்த்திருக்கிறார் என்பது அவருடைய த்ரீ ஆஃப் ஸ்வோர்ட்ஸில் அப்பட்டமாகத் தெரியும். அவர் நாடகக்காரர்களோடு வளர்ந்தவர், ஹென்றி இர்விங், எல்லன் டெர்ரி குழுவோடு ஊர் ஊராகப் போனவர். ஐந்துகள் நான்கும் மேடைக் காட்சிகள் மாதிரி இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன், யார் எங்கே நிற்கிறார், யார் யாருக்கு முதுகு காட்டுகிறார் என்பதிலேயே கதை வந்துவிடுகிறது. இத்தனை படங்களையும் வரைந்த வருஷம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றை ரொம்பக் குறைந்த காசுக்கு முடித்திருப்பதாக எழுதினார். 1951ல் கார்ன்வாலில் கடனோடுதான் இறந்தார். அவர் வரைந்த கட்டு இன்றுவரை விற்றுக்கொண்டே இருக்கிறது, அவர் பெயரைக் கட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்வதுகூட சமீபத்தில் வந்த பழக்கம்தான். நீங்களும் ரைடர்-வெயிட் என்று நிறுத்தாமல் ஸ்மித்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோல்டன் டானில் இருந்த இன்னொருவரான அலெய்ஸ்டர் குரோலியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். 1938லிருந்து ஃப்ரீடா ஹாரிஸ் என்ற ஓவியர் வரைந்த அவருடைய தோத் கட்டில் ஐந்துகளுக்குப் பெயரே சச்சரவு, ஏமாற்றம், தோல்வி, கவலை என்று அச்சடித்திருக்கும். கெபுராவை அப்படியே கடைசிவரை இழுத்துவிட்டார். அந்தக் கட்டை வைத்திருப்பவர்களுக்கு ஐந்தில் நல்லதைத் தேடுவது கஷ்டம்தான்.

துருப்புகளில் ஐந்தாம் எண் ஹையரோஃபன்ட், பழைய பெயர் போப். இரண்டு சாவி, மூன்றடுக்குக் கிரீடம், காலடியில் இரண்டு சீடர்கள். "ஐந்து என்றாலே சிக்கல், அதனால் ஹையரோஃபன்டும் சிக்கல்" என்று சிலர் நீட்டிச் சொல்வதுண்டு. கோல்டன் டான் கணக்கிலேயே அது செல்லாது, ஏனென்றால் அவர்கள் துருப்புகளைப் பத்து நிலைகளில் வைக்கவில்லை, நிலைகளை இணைக்கும் பாதைகளில் வைத்தார்கள். ஹையரோஃபன்டின் பாதை கெபுரா பக்கமே போகாது. போதாக்குறைக்கு மிகப் பழைய சீட்டுகளில் துருப்புகளுக்கு எண்ணே அச்சிடவில்லை. 1725ல் பொலோன்யாவில் திருச்சபை அதிகாரிகளுக்குக் கோபம் வந்து, போப், பேரரசர் வகையைச் சேர்ந்த நான்கு சீட்டுகளை எடுத்துவிட்டு நான்கு மூர் இனத்தவர் படங்களை வைக்க வைத்தார்கள். அந்த ஊர் ஆட்டத்தில் இன்றும் போப் இல்லை. 14ஆம் எண் டெம்பரன்ஸைக் கூட்டி ஐந்து ஆக்கி ஹையரோஃபன்டோடு ஜோடி சேர்ப்பது பின்னால் வந்த வழக்கம். 14ஆம் தேதி பிறந்தவர்கள் கேட்டால் நான் டெம்பரன்ஸைக் காட்டுவேன், ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு நிதானமாக ஊற்றும் தேவதை, பார்க்கவே இதமாக இருக்கும்.

இவ்வளவையும் எழுத வைத்தது என் சித்தி மகள். வேலையை விட்டுவிட்டு டெய்லரிங் கடை வைக்கலாமா என்று ஆன்லைனில் ஒருவரிடம் கேட்டிருக்கிறாள். பென்டகிள்ஸ் ஐந்து விழுந்திருக்கிறது. "காசு கையில தங்காது, தெருவுக்கு வந்துருவீங்க, ஒரு பரிகாரம் பண்ணணும்" என்று சொல்லி அதற்கு ஒரு தொகையும் கேட்டிருக்கிறார். ராத்திரி எனக்கு போன் செய்து, "அக்கா, அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து தூக்கமே வரல" என்றாள். பணம் அனுப்பாதே என்று முதலில் சொன்னேன். அப்புறம், படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் கவனித்தது ஊன்றுகோல்காரரை மட்டும்தான். இரண்டாவது ஆள் யாராக இருக்கும் உனக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கூட வேலை செய்யும் ஒரு பெண் தானும் பங்கு போடுகிறேன் என்று ரொம்ப நாளாகக் கேட்பதையும், இவள் பிடிகொடுக்காமல் இருப்பதையும் சொன்னாள். அது கார்டு சொன்னதில்லை, அவளே யோசித்தது. கார்டு ஒரு கேள்வியைக் கேட்க இடம் கொடுத்தது. கடை வைப்பதா வேண்டாமா என்பதை அவளும் அந்தத் தோழியும் வாடகை, முன்பணம், மெஷின் விலை எல்லாம் போட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும், அதில் எனக்கோ எந்தச் சீட்டுக்கோ வேலை இல்லை.

ஒரு கேள்விக்கு எடுத்து வைக்கும் சீட்டுகளில் இரண்டு மூன்று ஐந்துகள் சேர்ந்து விழுந்தால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள், குறிப்பாக அப்படி விழுந்து யாரோ பயமுறுத்திவிட்டவர்கள். இதற்கு வெயிட்டின் நூலிலேயே பதில் இருக்கிறது, பலரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் என்ன பலன் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். அதன்படி, தலைகீழாக இல்லாமல் நேராக விழுந்த இரண்டு ஐந்து என்றால் கண்விழித்துக் காத்திருத்தல். மூன்று ஐந்து என்றால் மன உறுதி. நான்கு ஐந்தும் சேர்ந்து விழுந்தால் ஒழுங்கு, சீராக நடப்பது. சச்சரவு, இழப்பு, தோல்வி, வறுமை நான்கும் ஒன்றாக வந்தால் ஒழுங்கு என்று அதே மனிதர்தான் எழுதியிருக்கிறார். பரிகாரத்துக்கு யாராவது காசு கேட்டால் அந்தப் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள்.